இருபத்தைந்து டிகிரி

அந்தப் படம் வந்தபோது பூங்குழலி பெரம்பலூர் துறைமங்கலத்து வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அனுப்பியவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், அவள் முகம் பார்த்தறியாத மனிதர். படத்தில் ஒரு போன் குப்புறக் கிடந்தது. அதன் முதுகு பூரி மாதிரி உப்பி, மூடி ஒரு பக்கம் பிளந்துகொண்டு நின்றது. கீழே எழுதியிருந்தார்: "நீங்க குடுத்த கெர்னல்தாங்க போட்டிருக்கேன். பேட்டரி இப்படி ஆயிடுச்சு. ஆனா சூடு எவ்வளவுன்னு பார்த்தா எப்பவும் இருபத்தஞ்சு டிகிரின்னே காட்டுது. வெயில்ல வெச்சுப் பார்த்தேன். அப்பவும் இருபத்தஞ்சுதான்."

மடித்த துணியை அப்படியே கட்டிலில் போட்டுவிட்டு அவள் மடிக்கணினியைத் திறந்தாள்.

பூங்குழலி பெரம்பலூரில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். கெர்னல் செய்வது அவளுடைய வேலை இல்லை, ஆசை. போனின் சில்லு, திரை, பேட்டரி எல்லாவற்றோடும் நேரடியாகப் பேசுகிற அடிமட்ட நிரலுக்குத்தான் கெர்னல் என்று பெயர். அவர்கள் வீட்டில் எல்லோரும் வைத்திருந்த போனுக்கு, தயாரித்த கம்பெனி புதுப்பிப்பு அனுப்புவதை நிறுத்திவிட்டது. உரிம நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு அதன் மூலநிரலை மட்டும் இணையத்தில் வெளியிட்டிருந்தது. அந்த மூலநிரலை இறக்கி, ஓட்டைகளை அடைத்து, தேவையில்லாததைக் கழித்து, பூங்குழலியும் அவளோடு கல்லூரியில் படித்த தமிழரசனும் சேர்ந்து ஒரு புதுக் கெர்னலை உருவாக்கினார்கள். தமிழரசனுக்குச் சொந்த ஊர் பூலாம்பாடி, இப்போது சென்னையில் இருக்கிறான். செத்துக்கிடந்த போன்கள் அவர்கள் கெர்னலால் மறுபடியும் ஓடின. எங்கெங்கோ இருந்தவர்களெல்லாம் இறக்கிப் போட்டுக்கொண்டு நன்றி சொன்னார்கள்.

கம்பெனி கொடுத்த மூலநிரலில் ஒரு குறை இருந்தது. அந்தப் போனுக்கு இரண்டு இடங்களிலிருந்து பேட்டரி வந்திருக்கிறது. ஒரு பேட்டரியின் விவரக் கோப்பு மட்டும்தான் நிரலில் இருந்தது. இன்னொன்றைப் போட்டால் "தெரியாத பேட்டரி" என்று சொல்லி சார்ஜ் ஏற மறுக்கும். இது பூங்குழலிக்குத் தெரிய வந்ததே அவளுடைய அக்காவால்தான். அக்கா கலையரசியைக் கட்டிக்கொடுத்தது அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சியில். பொங்கலுக்குப் பிறகு, அதே கெர்னல் ஓடிய அவள் போனுக்கு அரியலூரில் ஒரு கடையில் பேட்டரி மாற்றினார்கள். கடைக்காரர் போட்டது நல்ல பேட்டரிதான், ஆனால் அந்த இரண்டாவது வகை. சார்ஜ் ஏறவில்லை என்று அக்கா போன் செய்து புலம்பினாள். சமைத்துக்கொண்டே நிரலைப் பார்த்த பூங்குழலி, பேட்டரி எது என்று கேட்கிற இடத்தில் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டாள். அதை அக்கா போனில் ஏற்றியதும் சார்ஜ் ஏறியது. அக்கா சந்தோஷப்பட்டாள். அதே மாற்றம் அடுத்த வெளியீட்டில் எல்லோருக்கும் போனது.

இப்போது அந்தக் கோப்பை மேலிருந்து கீழாக, ஒரு வரி விடாமல் படித்தாள். அவள் மாற்றிய இடத்துக்குச் சற்றுக் கீழே, அன்றைக்கு அவள் படிக்காமல் விட்ட, நிரலின் ஒரு கிளை இருந்தது. பேட்டரியின் விவரம் இல்லையென்றால் அதன் சூட்டை அளக்காதே, இருபத்தைந்து டிகிரி என்று வைத்துக்கொள் என்றது அது. தொழிற்சாலையில் சோதனை செய்யும்போது பயன்படட்டும் என்று எவரோ எழுதி வைத்தது. பேட்டரி சூடேறினால் சார்ஜை நிறுத்த வேண்டிய காவல் முழுக்க அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். எண் இருபத்தைந்தைத் தாண்டவே போவதில்லை. பேட்டரி கொதித்தாலும் போன் தன்னைக் குளிர்ச்சியாக நினைத்துக்கொண்டு மின்சாரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும்.

தன் போனை எடுத்துப் பார்த்தாள். முப்பத்தாறு காட்டியது. அவளுடையது முதல் வகைப் பேட்டரி.

அக்காவுடையது இரண்டாவது.

உடனே அக்காவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. அக்கா கணவர் தமிழழகனுக்குப் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இன்றைக்குக் கல்லங்குறிச்சியில் தேர். கலியுக வரதராசப் பெருமாள் கோயிலைச் சுற்றி ஊரே திரண்டிருக்கும். அந்தக் கூட்டத்தில் எந்த போனுக்கும் சிக்னல் கிடைக்காது. அக்கா தன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தேர் பார்க்கப் போயிருப்பாள்.

சார்ஜில் எங்கே போடுவாள் என்பதும் நினைவுக்கு வந்தது. அந்த வீட்டு நடு அறையில், இந்த வருஷம் எடுத்த பருத்தி மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. விலை ஏறட்டும் என்று தமிழழகன் விற்காமல் வைத்திருக்கிறார். மூட்டைகளில் இடமில்லாமல் ஒரு மூலையில் சும்மாவே குவித்தும் வைத்திருக்கிறார்கள். போன மாதம் போனபோது, கைக்கு வசதியாக ஒரு மூட்டையின் மேல்தான் அக்கா போனை வைத்துச் சார்ஜ் போட்டாள். அதே அறையில்தான் அக்காவின் மாமியார் ரெங்கம்மாள் கால் முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருக்கிறார்.

இன்னொரு தடவை போன் போடக் கை போனது. போட்டால் போன் இன்னும் சூடாகும் என்று தோன்றவும் கையை இழுத்துக்கொண்டாள். அந்தத் தெருவில் வேறு யாருடைய எண்ணும் அவளிடம் இல்லை.

அம்மாவிடம் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். ஆட்டோ பிடித்துப் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அரியலூர் பஸ்ஸில் ஏறினாள். தேருக்குப் போகிற கூட்டம் படிக்கட்டு வரைக்கும் நின்றது. ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு தமிழரசனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

அவன் நிதானமாக ஒரு வழி சொன்னான். அந்தக் கிளையைத் திருத்தி ஒரு மணி நேரத்தில் புது வெளியீடு தயார் பண்ணிவிடலாம், சாதாரண அப்டேட் என்று போட்டுவிடலாம், இதுதான் காரணம் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்றான். வெளியே தெரிந்தால் போலீஸ், கேஸ் என்று எது வேண்டுமானாலும் வரும் என்றான். அவன் குரலிலும் பயம் இருந்தது.

"அப்டேட்டுன்னா எவன் இன்னைக்கே போடுவான்?" என்றாள் பூங்குழலி. "நான் போட்டிருக்கனா? ஒரு வாரம் கெடப்புல கெடக்கும். அதுக்குள்ள யார் வூட்லயாவது…"

"உன் பேரு இருக்கு அதுல. என் பேரும் இருக்கு."

"தெரியும்."

பஸ் பேரளி வரும் வரைக்கும் அவள் ஒன்றும் செய்யவில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் முன்னால் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பஸ்ஸால் முந்த முடியவில்லை. பயத்தில் இரண்டு விதம் உண்டு என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்று ரெங்கம்மாளின் கட்டிலை நினைக்கும்போது வருகிற பயம். இன்னொன்று கல்லூரியில் முதல்வர் முன்னாலும், காவல் நிலையத்தில் ஒரு மேசை முன்னாலும் தான் நிற்பதாக நினைக்கும்போது வருகிற பயம். இந்த இரண்டாவதுதான் விரலை அசைய விடாமல் பிடித்து வைத்திருந்தது. கோயம்புத்தூர்க்காரர் நல்ல வேளையாக விழித்திருந்தார், பார்த்தார். எல்லோரும் அப்படி இருப்பார்களா?

ஒற்றைக் கையால் தட்டெழுதினாள். எழுதும்போது பஸ் குலுங்கி, எழுத்துகள் தப்பித் தப்பி விழுந்தன. "எங்கள் கெர்னல் போட்டிருப்பவர்கள் உடனே சார்ஜரைப் பிடுங்குங்கள். போனை அணைத்துவிடுங்கள். துணி, பஞ்சு, படுக்கை பக்கத்தில் வைக்காதீர்கள். சில பேட்டரிகளின் சூடு தவறாகக் காட்டப்படுகிறது. தீப்பிடிக்கலாம். இது என் பிழை. பூங்குழலி." கெர்னல் போட்டிருப்பவர்களுக்காக அவர்கள் வைத்திருந்த குழுவில் போட்டாள். இறக்குகிற பக்கத்திலிருந்து கெர்னலை எடுத்துவிட்டு, அங்கேயும் அதையே போட்டாள். ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்ப ஆரம்பித்தபோது அரியலூர் வந்துவிட்டது.

கல்லங்குறிச்சிக்கு ஷேர் ஆட்டோ கிடைத்தது. ஆனால் ஊர் எல்லைக்கு முன்பே தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்து ஓடினாள். எதிரே மொட்டை போட்டுக்கொண்ட குழந்தைகளும், தானிய மூட்டையைத் தலையில் சுமந்தவர்களும், ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களும் வழியை அடைத்தார்கள். யார் மேலெல்லாமோ இடித்தாள். ஒருத்தர் திட்டினார். தெருவுக்குள் திரும்பும்போது புகை தெரிகிறதா என்று முதலில் மேலே பார்த்தாள். புகை இல்லை. அந்த நிம்மதி இரண்டு எட்டுக்குக்கூடத் தாங்கவில்லை. வீட்டு வாசலில் பூட்டுத் தொங்கியது. திருவிழாக் கூட்டத்தில் எவன் நுழைவானோ என்று மாமியாரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பக்கவாட்டு ஜன்னலுக்கு ஓடினாள். உள்ளே மின்விசிறி சுழன்றது. ரெங்கம்மாள் மாத்திரை மயக்கத்தில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலின் தலைமாட்டுக்கு அந்தப்பக்கம் பருத்தி மூட்டை. அதன் மேல் போன். சுவர் ஓரத்து ஸ்விட்ச் பெட்டியிலிருந்து வெள்ளை ஒயர் அதில் போய்ச் செருகியிருந்தது. போன் மூட்டையில் படிந்து கிடக்கவில்லை. ஒரு பக்கம் தூக்கி, முதுகு உப்பி, கவிழ்த்த படகு மாதிரி ஆடாமல் நின்றது. நகப்பூச்சு மாதிரி இனிப்பான ஒரு வாடை ஜன்னல் வரைக்கும் வந்தது.

"அத்தை" என்று கூப்பிட்டாள். கம்பியைத் தட்டி மறுபடியும் கத்தினாள்.

ரெங்கம்மாள் கண்ணைத் திறந்து, "யாரு, பூங்குழலியா? எப்ப புள்ள வந்த? அவங்கல்லாம் தேருக்குப் போயிட்டாங்களே" என்றார்.

"அத்தை, எழுந்திரிக்காதீங்க. அந்த போனைத் தொடாதீங்க. தொடவே தொடாதீங்க."

ரெங்கம்மாள் தலையைத் திருப்பிப் பார்த்தார். பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அந்தக் காலை வைத்துக்கொண்டு அவரால் கட்டிலைவிட்டு இறங்க முடியாது.

ஸ்விட்ச் பெட்டி எட்டாது என்று தெரிந்ததும் பூங்குழலி வாசல் பக்கம் ஓடி, சுவரில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். உள்ளே மின்விசிறி நின்றது. சார்ஜ் நின்றுவிட்டது, ஆனால் ஏறின சூடு எங்கே போகும்? கொல்லையில் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டி சாத்தியிருந்தது. அதை எடுத்து வந்து ஜன்னல் கம்பி வழியாக உள்ளே விட்டாள். கொக்கி ஒயரைத் தேடியது. இரண்டு தடவை கொக்கி மூட்டைச் சாக்கைத்தான் பிடித்தது. மூன்றாவது தடவை ஒயர் மாட்டியது. மெல்ல இழுத்தாள். போன் மூட்டை மேல் சறுக்கி, விளிம்புக்கு வந்து, சிமெண்டுத் தரையில் விழுந்தது.

விழுந்த வேகத்தில் சீறியது. குக்கர் மூடி வழியாக ஆவி போகிற மாதிரி ஒரு சத்தம். வெள்ளைப் புகை கொப்பளித்தது. அதற்குள்ளிருந்து சின்னதாக, கூர்மையாக ஒரு தீ நாக்கு நீண்டது. தரையெல்லாம் உதிர்ந்த பஞ்சு. ஒரு கொத்தில் பற்றி அது சடசடவென்று மூட்டையின் அடியை நோக்கி ஓடியது.

பூங்குழலி தொரட்டியால் போனைக் கதவு மூலைக்குத் தள்ளினாள். தீயோ பஞ்சு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அங்கே அவளுக்கு எட்டவில்லை. வாழ்நாளில் அவ்வளவு கையாலாகாமல் அவள் நின்றதில்லை. ரெங்கம்மாள்தான் கட்டிலிலிருந்து பாதி உடம்பைக் கீழே சாய்த்து, தலைமாட்டில் இருந்த தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்துவிட்டார். தண்ணீர் தரையோடு பரவி மூட்டையின் அடிவரை போனது. பஞ்சுத் தீ கறுத்து அணைந்தது. மூலையில் போன் மட்டும் தனியாக எரிந்தது. சுவரில் ஆள் உயரத்துக்குக் கரி ஏற்றிவிட்டு, தானாகவே அடங்கியது.

புகையைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு ராசாங்கம் கடப்பாரையோடு வந்து பூட்டை உடைத்தார். ரெங்கம்மாளைக் கட்டிலோடு வெளியே தூக்கினார்கள். அவர் இருமினார், தண்ணீர் கேட்டார், குடித்துவிட்டுக் காலில் கட்டு நனைந்துவிட்டதே என்று கவலைப்பட்டார். பூங்குழலி வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள்.

அக்காவும் தமிழழகனும் ஆள் சொல்லி ஓடிவந்தார்கள். அக்கா மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதாள். தமிழழகன் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தார், அந்தக் கரிக்கட்டையைப் பார்த்தார். வெளியே வந்தவர் நேராக வண்டியை எடுத்தார். அரியலூரில் பேட்டரி போட்டவனைச் சும்மா விடப்போவதில்லை, கடைக்குள் புகுந்து அவனை வெளியே இழுக்கிறேன் என்றார். ராசாங்கமும் கூட வருகிறேன் என்று பின்னால் ஏறினார். அந்தக் கடைக்காரரைப் பூங்குழலிக்குத் தெரியாது. வண்டி கிளம்பியது என்றால் அவருக்கு அடி நிச்சயம். அவள் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், யாருக்கும் எதுவும் தெரியாது.

எழுந்து போய் வண்டியின் முன்னால் நின்றாள்.

"மாமா, பேட்டரி மேல தப்பில்ல. கடைக்காரர் மேலயும் இல்ல. நான் போட்ட கெர்னல்தான். சூடு தெரியாத மாதிரி நான்தான் பண்ணிட்டேன். தெரிஞ்சு பண்ணலை."

தமிழழகனுக்கு முதலில் புரியவில்லை. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் அவர் கையை ஓங்கவில்லை, திட்டவும் இல்லை. வண்டியை அணைத்துவிட்டு உள்ளே போய் ஈர மூட்டைகளை வெளியே இழுத்துப் போட ஆரம்பித்தார். அவள் உதவப் போனபோது, "வேணாம், நீ அங்கயே இரு" என்றார். அதுவே அவளுக்கு அடி மாதிரி இருந்தது. அக்காவும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ரெங்கம்மாள்தான் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவரும் ஆறுதல் சொல்லவில்லை.

"இது மாதிரி எத்தினி பேரு வூட்ல இருக்கு?"

"தெரியலங்க அத்தை. நெறைய பேரு எறக்கிப் போட்டிருக்காங்க. அதுல எத்தனை பேருக்கு இந்தப் பேட்டரின்னு தெரியல."

"எல்லாருக்கும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். பார்த்தாங்களான்னு தெரியாது."

"அப்ப இங்க எதுக்கு ஒக்காந்திருக்க? பாரு."

பார்த்தாள். தமிழரசன் அவளுக்கு முன்பே தொடங்கியிருந்தான். அவள் போட்ட எச்சரிக்கைக்குக் கீழே தன் பெயரையும் சேர்த்து, குழுவில் இருந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பிக்கொண்டிருந்தான். பிடுங்கிட்டேன், அணைச்சிட்டேன் என்று பதில்கள் வந்தன. சிலர் திட்டினார்கள். ஒருவர் தன் குழந்தை அந்த போனைத் தலையணைக்கடியில் வைத்துத்தான் தூங்கும் என்று எழுதியிருந்தார்.

மறுநாள் கல்லூரியில் தானே போய் முதல்வரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் நீண்ட நேரம் கேள்வி கேட்டார், கடைசியில் இதைக் கல்லூரியோடு சம்பந்தப்படுத்தாமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். போலீஸ் வரவில்லை. அந்த வாரமே புது வெளியீடு போட்டார்கள். தெரியாத பேட்டரி என்றால் போன் சார்ஜே ஏறாது. அதனால் பலருடைய போன் வீணானது, கோபப்பட்டார்கள். அவள் மாற்றவில்லை. விடுபட்ட கோப்பைக் கேட்டு போன் கம்பெனிக்கு எழுதினாள். பதில் இல்லை. தமிழழகன் இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை, பிறகு ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டாயா என்று கேட்டார்.

வேறெங்கும் தீப்பிடித்ததாகச் சேதி வரவில்லை. ஆனால் வேணுகோபால் என்று ஒருவர், முதல் வெளியீட்டைப் போட்டுக்கொண்டு அவளுக்கு நன்றி சொன்னவர், எந்த ஊர் என்று தெரியாதவர், இன்றுவரை அவள் செய்தியைப் பார்க்கவில்லை. போனை மாற்றியிருக்கலாம், எண்ணை மாற்றியிருக்கலாம் என்கிறான் தமிழரசன். இருக்கலாம். பூங்குழலி தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அவருக்கு அதே வரிகளை ஒரு தடவை அனுப்பிவிட்டுத்தான் வாசல்படி இறங்குகிறாள்.